பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

“சும்மா சும்மா கத்தறதில்லைங்க உங்க மிஷினு” என்று டாக்டர் திருமேனி சொன்னதும் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகும் அந்த வாக்கியம் மட்டும் போகாமல் காதுக்குள் நின்றது, ஏன் என்று தெரியவில்லை, நல்ல வார்த்தைதானே, இரண்டு வாரமாக மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எங்கள் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிறார்கள், இசிஜி எடுத்து அனுப்பினால் யார் வீட்டுக்குப் போகலாம், யார் டாக்டர் வரும்வரை இருக்க வேண்டும் என்று அது பிரித்துச் சொல்லும், பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் இருக்க வேண்டும். இதற்கு முன்னால் வேறு யாருடையதையோ வைத்திருந்தார்களாம், எதற்கெடுத்தாலும் சிவப்பு, நர்ஸுகள் அலைந்து ஓய்ந்துவிட்டார்கள். எங்களுடையது அமைதியாக இருக்கிறது என்கிறார். கோயம்புத்தூர் பீளமேட்டில் நான்காவது மாடியில் பதினேழு பேரோடு நடக்கும் கம்பெனிக்கு இதைவிட என்ன வேண்டும், முதலாளி சென்னியப்பன் சாரின் முகத்தில் பூரிப்பு தெரிகிறது, டாக்டருக்குத் தண்ணீர் பாட்டிலைத் தானே திறந்து கொடுக்கிறார். சுவரில் பெரிய திரை, திரையில் ஆஸ்பத்திரியின் ரோஸ்லின் சிஸ்டர், அவருக்குப் பின்னால் வரிசையாக நாற்காலிகள், ஸ்வெட்டர் போட்ட ஆட்கள். அவர்களுக்கெல்லாம் இசிஜி எடுத்தாகிவிட்டது, எடுத்துக்கொண்டும் இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் மொத்தமாக அனுப்புவார், பச்சையா சிவப்பா என்று எங்கள் கண் முன்னாலேயே வரும், டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அவருடைய எல்லா எஸ்டேட் ஆஸ்பத்திரிகளுக்கும் இது போகும். திரைக்குப் பக்கத்தில் ஷர்மி நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் முதன்முதலாக வெளியாட்கள் முன்னால் பேசுகிறாள், நேற்றே கை ஜில்லென்று இருக்கிறது என்றாள், இப்போது பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை. நான் கடைசி நாற்காலியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன், எனக்கு இங்கே பேச ஒன்றும் இல்லை, பேசச் சொல்லவும் மாட்டார்கள், எனக்குத் திக்கும். அதனால் என் வேலையை நான் பார்த்தேன், புரோகிராமில் பிழை தேடும் டைப் செக்கரை ஓடவிட்டிருந்தேன், அது கோப்பு கோப்பாகப் படித்துப் போய்க்கொண்டிருந்தது.

இந்த டைப் செக்கர் வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. “ஓடுதுல்லங்க நாயகி, ஓடற வண்டியை எதுக்குப் பிரிக்கறீங்க” என்று சென்னியப்பன் சார்கூடக் கேட்டார், கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான். ஓடுகிறதுதான், அதுதான் எனக்குப் பயம். எங்கள் புரோகிராமுக்குள் எல்லாமே எண்களை அடுக்கிவைத்த பெட்டிகள், ஒரு பக்கம் நோயாளிகள், ஒரு பக்கம் லீடுகள், இன்னொரு பக்கம் நேரம். ஒரு ஆளின் நெஞ்சைப் பன்னிரண்டு கோணத்திலிருந்து பார்த்து இசிஜி எடுப்பார்கள், ஒவ்வொரு கோணத்தின் கோடும் ஒரு லீடு. இது ஆள், இது லீடு என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் நீளம், இந்தப் பக்கம் இத்தனை, அந்தப் பக்கம் இத்தனை. ஆட்களையும் லீடுகளையும் இடம் மாற்றிக் கொடுத்தால் நீளம் இடித்தால்தான் கத்தும், இடிக்காவிட்டால் கூட்டிப் பெருக்கி ஒரு விடையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அதனால் புரோகிராமின் ஒவ்வொரு துண்டிலும், ஃபங்ஷன் என்போம், எந்தப் பக்கம் யார் என்று பெயர் எழுதிக்கொண்டு வந்தேன், இங்கே வரும்போது ஆள் முன்னால், லீடு பின்னால், வெளியே போகும்போதும் அப்படியே. பெயர் பொருந்துகிறதா என்று செக்கர் பார்க்கும், புரோகிராமை ஓட்டாமலே, எழுத்தைப் படித்தே சொல்லும். மாதக்கணக்காகச் செய்து இன்றைக்குக் கடைசிக் கோப்பு, ஆஸ்பத்திரி மெஷினிலிருந்து வருவதை உள்ளே வாங்கும் கோப்பு, ஷர்மி எழுதியது. பழைய கோப்பு, எத்தனையோ ஆயிரம் தடவை ஓடிய கோப்பு, அதனால்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். செக்கர் நின்றது. சிவப்பாக ஒரே ஒரு வரி. இந்த ஃபங்ஷன் எதைத் திருப்பித் தருகிறது என்று சொல்ல முடியவில்லை, ஆள் முன்னாலும் வரலாம், லீடு முன்னாலும் வரலாம்.

எப்படி இரண்டும் வரும். அந்த வரிக்குப் போனேன். திரையில் ரோஸ்லின் சிஸ்டர், “பத்தாவது ஆள் முடிஞ்சுது சார்” என்றார். போன வருஷம் இன்னொரு கம்பெனியின் இசிஜி மெஷின் வாங்கினோம், ஞாபகம் இருக்கிறது, அது எல்லாவற்றையும் தலைகீழாக அனுப்பியது, லீடு முன்னால், ஆள் பின்னால். ஷர்மி ஒரு மணி நேரத்தில் சரிசெய்தாள், எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். எப்படிச் சரிசெய்தாள் என்று அப்போது யாரும் பார்க்கவில்லை, இப்போது பார்க்கிறேன், ஒரே வரி, முதல் பக்கத்தின் நீளம் பன்னிரண்டு என்றால் அது லீடுதான், திருப்பிப் போடு. அவ்வளவுதான். அழகான வரி, நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன், லீடு எப்போதும் பன்னிரண்டு, ஆட்கள் எட்டு வரலாம், இருபது வரலாம், ஒருத்தர் வரலாம். பன்னிரண்டு பேர் வந்தால். பன்னிரண்டு பேர் சேர்ந்து வந்தால், எஸ்டேட்டில் இருப்பதுபோல ஆளை முன்னால் அனுப்பும் மெஷினிலும் முதல் பக்கம் பன்னிரண்டு, லீடு என்று நினைத்துத் திருப்பிவிடும். திருப்பினாலும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. எங்கேயும் இடிக்காது. பள்ளிக்கூட மைதானம், ட்ரில் பரீட்சை, ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு பெண்கள், எங்கள் டீச்சர் வரவில்லை, வேறு டீச்சர் வந்து மைதானத்தின் பக்கவாட்டில் நின்றுகொண்டு அங்கிருந்தே வரிசையை எண்ணி மார்க் போட்டார், அவர் பார்த்த வரிசை எங்கள் வரிசையே இல்லை, ஆனால் ஆறுக்கு ஆறு, மிச்சம் விழவில்லை, ஒரு வரிசையில் ஏழு பேர் இருந்திருந்தால் அவருக்கே இடித்திருக்கும். என் மார்க் கோகிலாவுக்குப் போய்விட்டது. கோகிலாவின் மார்க் யாருக்குப் போனதோ. மார்க்தானே, யாருக்கு என்ன. இது நெஞ்சு. ஒருவருடைய பன்னிரண்டு கோடுகளும் பன்னிரண்டு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கப்படும், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கோடு. ஒருத்தருக்கு மோசமாக இருந்தால் அந்த மோசமும் பன்னிரண்டாகப் பிரியும், ஆளுக்குக் கொஞ்சம், யாருக்கும் சிவப்பாகும் அளவைத் தொடாது. எல்லோரும் பச்சை. கத்தவே கத்தாது.

சும்மா சும்மா கத்தறதில்லைங்க. இல்லை, அவசரப்படாதே, அது வேறாக இருக்கலாம், கணித்துச் சொல்லும் மாடலே நன்றாக வேலை செய்கிறது என்று இருக்கலாம், எத்தனை டெஸ்ட் எழுதினோம், எட்டுப் பேரோடு, முப்பத்திரண்டு பேரோடு, ஒரே ஆளோடு, எல்லாம் சரியாக வந்தது, பன்னிரண்டு பேரோடு யாராவது டெஸ்ட் எழுதினோமா, ஏன் எழுதப் போகிறோம், பன்னிரண்டு என்ன அப்படி ஒரு எண், யார் போய்ப் பன்னிரண்டு பேரை எண்ணி அனுப்புவார்கள், எப்போதாவது தற்செயலாக நடந்தால்தான் உண்டு. சாயங்காலம் சொல்லலாம். ஷர்மியைத் தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, இப்படி ஒரு வரி இருக்கிறது பார் என்றால் அவளே திருத்திவிடுவாள், யாருக்கும் தெரியவேண்டாம். அவள் பெயர் ஷர்மிளா பானு, எல்லோரும் பானு என்றுதான் கூப்பிடுகிறார்கள், நான் மட்டும் ஷர்மி, ஏனென்றால் ‘ப’வில் தொடங்கும் எதுவும் எனக்கு வராது, உதடு ஒட்டிக்கொள்ளும், திறக்காது. அதை அவள் முதல் நாளே கண்டுபிடித்தாள், கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, வீட்டுல என்னை ஷர்மின்னுதான் கூப்பிடுவாங்க என்றாள், அது பொய் என்று ஒரு வருஷம் கழித்து அவள் அம்மா பானும்மா என்று கூப்பிட்டபோது தெரிந்தது. அவளை இந்த அறையில், இத்தனை பேர் முன்னால். அவள் திரையைக் காட்டிச் சிரிக்கிறாள். “பதினொண்ணு” என்றார் ரோஸ்லின் சிஸ்டர். ஒரு பெண் ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பதினொன்று. இப்போதே அனுப்பிவிட்டால் ஒன்றும் ஆகாது. பதினொன்றுக்குப் பன்னிரண்டு, சதுரம் இல்லை, திருப்பாது, எல்லாம் அவரவர் இடத்தில் இருக்கும், விடை சரியாக வரும், டாக்டர் கையெழுத்துப் போடுவார், சாயங்காலம் டீ, வரியைத் திருத்திவிடலாம். எவ்வளவு சுலபம். எப்படிச் சொல்வது, என்ன காரணம் சொல்வது, வாயைத் திறந்தேன், என்னைக் கேட்காமலே குரல் வந்தது, “சிஸ்டர், இப்பவே அனுப்பிடலாமே, டாக்டருக்கு நேரமாகுமில்லைங்களா.” திக்கவே இல்லை. நான் பேசியதைப் பார்த்துச் சென்னியப்பன் சார் ஆச்சரியத்தோடு திரும்பினார். “ஆமாங்க சிஸ்டர், அனுப்பிருங்க” என்றார். திரைக்குள் ரோஸ்லின் சிஸ்டர் சங்கடமாகச் சிரித்தார். “இன்னொருத்தர் உள்ள படுத்திருக்காரு சார், ஒரு நிமிஷம், முடிஞ்சிரும். இங்க நாற்காலி பன்னெண்டுதான் இருக்கு. நாற்காலி நெறைஞ்சா அனுப்பிருவேன், அவங்க எந்திரிச்சாத்தானே அடுத்த ஆளுங்க உக்கார முடியும். ரெண்டு வாரமா இப்படித்தான் பழகிருச்சு.”

ரெண்டு வாரமா. டாக்டர் திருமேனி தலையாட்டினார், “நல்ல ஏற்பாடுதானுங்க” என்றார். ரெண்டு வாரமா இப்படித்தான். எப்போதாவது தற்செயலாக இல்லை, ஒவ்வொரு தடவையும், காலை முழுக்க, நாற்காலி நிறைய நிறைய. “சிவப்பு வந்ததே கொஞ்சந்தான் சார்” என்று சிஸ்டர் பேசிக்கொண்டே போனார், நேரம் போக்குவதற்காக, “அதுவும் வேடிக்கையா, சாயங்காலம் கடைசியா மிச்சம் நாலஞ்சு பேரை அனுப்புவேன் பாருங்க, அதுலதான் வரும். காலைல வர்றவங்கல்லாம் நல்லா இருக்காங்க.” மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். ஷர்மியும் சிரித்தாள். எனக்கு லேப்டாப்பின் எழுத்துகள் நெளிந்தன, ஏசிக் காற்று கழுத்தின் பின்னால் பட்டுக்கொண்டே இருந்தது, யாராவது அதைக் குறைத்தால் தேவலை, காலையில் வந்தவர்கள், எத்தனை பேர், எத்தனை நாற்காலி, எழுந்து போனவர்கள், மறுபடி நிறைந்தவர்கள், பச்சையைப் பார்த்து ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மலைச்சரிவில் வேலைக்கு ஏறிப் போனவர்கள். திரையில் ஒரு கிழவர் கதவிலிருந்து வெளியே வந்து காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். சிஸ்டர் மேசைப் பக்கம் திரும்பினார், மவுஸில் கை வைத்தார். சொல்லு. சாயங்காலம் என்பது இல்லை இனிமேல், சாயங்காலம்வரை அங்கே எத்தனை பேர் மேலே ஏறுவார்கள், சொல்லு, என்ன சொல்வது, எதில் தொடங்குவது, பன்னிரண்டு பேரை அனுப்பாதீங்க, ‘ப’, அது வராது, வேறு வார்த்தை தேடு, சின்ன வயதிலிருந்து வேறு வார்த்தை தேடியே பழக்கம், டஜன், டஜன் என்று சொல்லலாம், டஜனா அனுப்பாதீங்க, யாருக்குப் புரியும்.

“நிறுத்துங்க!” நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது, எழுந்து நின்றிருக்கிறேன் என்று அதன்பிறகுதான் தெரிந்தது. “அனுப்பாதீங்க சிஸ்டர். கையை எடுங்க.” சிஸ்டர் கையை எடுத்தார், சூடு பட்டதுபோல. சென்னியப்பன் சார், “என்னாச்சுங்க நாயகி?” என்றார், குரலில் சிரிப்பு மிச்சம் இருந்தது. “தப்பா வரும் சார். ஆளும் லீடும் மாறிடுது. ப... ப...” உதடு ஒட்டிக்கொண்டது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். டாக்டர் மரியாதைக்காகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார், அந்த மரியாதை எனக்குத் தெரியும், ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்தால் இன்னும் இறுகும். “ப... ப...” சென்னியப்பன் சார் எழுந்தார், “ஒரு நிமிஷம் டாக்டர், சின்ன டெக்னிக்கல் சமாச்சாரம், நாங்க வெளியே போய்ப் பேசிட்டு வர்றோம்” என்றார், என் தோள் பக்கமாகக் கையை நீட்டினார். அதற்குள் ஷர்மி திரையை விட்டுவிட்டு மேசையைச் சுற்றி வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். அவள் வரி, அவளுக்கு அடையாளம் தெரியாதா. அவள் கண் அந்த வரியில் போய் நின்றதைப் பார்த்தேன், பிறகு திரைக்குப் போய் நாற்காலிகளை எண்ணியதைப் பார்த்தேன், அவள் முகத்தில் ரத்தம் இல்லாமல் போனதையும் பார்த்தேன். இதற்குத்தான் பயந்தேன், இதைப் பார்க்கக் கூடாது என்றுதான்.

“பன்னெண்டு” என்றாள் ஷர்மி. சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி. “பன்னெண்டு பேரைச் சேர்த்து அனுப்பினா ஆளுங்க கலந்துடுவாங்க. ஒருத்தர் இசிஜியை எல்லாருக்கும் பிச்சுக் கொடுத்துடும். நான் எழுதினதுதான் சார். சிஸ்டர் ரெண்டு வாரமா பன்னெண்டாத்தான் அனுப்பியிருக்காங்க.” சென்னியப்பன் சார், “பானு, கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க” என்றார் மெல்ல. டாக்டர் திருமேனி நிமிர்ந்தார். அவருடைய குரலில் அதுவரை இருந்த கலகலப்பு இல்லை. “அப்ப நாங்க வீட்டுக்கு அனுப்பினவங்க?” ஷர்மியின் பக்கம் திரும்பினார். “அதுல பச்சைன்னு வந்ததெல்லாம் என்னங்க, உண்மையா பொய்யா?” “தெரியாது டாக்டர்” என்றாள் ஷர்மி. “எல்லார் இசிஜியும் எங்ககிட்ட இருக்கு. ஒவ்வொருத்தரா மறுபடி ஓட்டினா தெரிஞ்சுரும். கொஞ்ச நேரம் கொடுங்க.” சென்னியப்பன் சார் உட்கார்ந்துவிட்டார். “ஓட்டுங்க, இங்கயே ஓட்டுங்க” என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே லேப்டாப்பின் முன்னால். அவள் தப்புத் தப்பாக அடித்தாள், நான் அடித்தேன், அவள் சொன்னாள். ஒருவர் ஒருவராக. இப்போது ஒவ்வொரு ஆளும் தன்னுடைய பன்னிரண்டு கோடுகளோடு வந்தார், பெயரோடு, வயதோடு. பச்சை. பச்சை. ஒவ்வொரு பச்சைக்கும் ஷர்மி மூச்சு விடுவது என் காதில் பட்டது. பச்சை. திரையில் சிஸ்டரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார், நாற்காலிக்காரர்களில் ஒருவர், “போலாமாங்க?” என்று கேட்டது மைக்கில் கேட்டது, “இருங்க, யாரும் எந்திரிக்காதீங்க” என்றார். பச்சை, பச்சை, இப்படியே போய்விடும், ஒன்றும் இருக்காது, நான் சும்மா கத்தினேன் என்று ஆகட்டும், எல்லோரும் என்னைத் திட்டட்டும், ஷர்மி என்னோடு பேசாமல் போகட்டும், பச்சையாகவே வரட்டும். சிவப்பு. லூர்தம்மாள், அறுபத்திரண்டு. சிஸ்டர் உடனே, “அவங்க எஸ்டேட் லைன் வீட்டுலதான் இருப்பாங்க, இதோ பக்கம்” என்று ஆளை அனுப்பினார். மறுபடி பச்சை, வெகுநேரம் பச்சை. பிறகு சிவப்பு. பேச்சிமுத்து, ஐம்பத்தொன்று. அந்தக் கோட்டை டாக்டர் திருமேனி எழுந்து வந்து எங்கள் தோள்களுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். நேராகத் திரையைப் பார்த்து, “சிஸ்டர், இவருக்கு இப்பவே போன் போடுங்க” என்றார்.

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து ஆம்புலன்ஸில் மலையிறக்கி, டாக்டர் திருமேனியே கோயம்புத்தூரில் சேர்த்து, அடைப்பை எடுத்து, ஸ்டென்ட் வைத்து, இப்போது நடக்கிறார். லூர்தம்மாளும் மாத்திரையோடு நன்றாகத்தான் இருக்கிறார். டாக்டரின் கையெழுத்து நின்றுபோனது, சோதனை முழுக்க முதலிலிருந்து நடக்கிறது, சென்னியப்பன் சார் எங்கள் யாரையும் எதுவும் சொல்லவில்லை, ஷர்மி மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், என் மேல் கோபமா என்று கேட்டேன், “நீ சொல்லாம இருந்திருந்தா கோபம்” என்றாள். இதெல்லாம் பிறகு தெரிந்தவை. இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் தினமும் திரும்பித் திரும்பிப் போவது அந்த அறைக்குத்தான், அந்த ஒரு அழைப்புக்குத்தான், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை, மறுபடி அடிக்கிறது, சிஸ்டர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருக்கிறார், மலையின் காற்று உஸ்ஸென்று கேட்கிறது, பிறகு மூச்சு வாங்கும் ஒரு குரல்.

“யாருங்க?”

“பேச்சிமுத்து அண்ணே, ஆஸ்பத்திரி ரோஸ்லின் பேசுறேன். எங்க இருக்கீங்க?”

“மேல் காட்டுலம்மா. இலை மூட்டை தூக்கிட்டு இருக்கேன்.”

“கீழ வைங்க. மூட்டையக் கீழ வைங்கண்ணே. அப்படியே உக்காருங்க.”

“வண்டி நிக்குதும்மா, ஏத்தணும்.”

“வண்டி நிக்கட்டும். உக்காந்துட்டீங்களா? நடக்கக் கூடாது. ஜீப்பு வருது, அது வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. என்கிட்ட பேசிட்டே இருங்க.”

எதையோ இழுத்து வைக்கும் சத்தம். காற்று. ஷர்மி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், அவள் நகம் பதிந்தது இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை.

“உக்காந்துட்டேன். என்னம்மா, மெஷினு நல்லா இருக்கேன்னுதானே சொல்லுச்சு?”

சிஸ்டர் திரையில் எங்களைப் பார்த்தார். எங்களை இல்லை, கேமராவை. “தப்பாச் சொல்லிருச்சுண்ணே” என்றார்.

மூட்டையில் சாய்ந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

“நான்தான் அன்னைக்கே சொன்னேன்லம்மா” என்றார் பேச்சிமுத்து. கோபம் ஒன்றும் இல்லை அதில். “நெஞ்சு பாரமா இருக்குன்னு.”

“சொன்னீங்கண்ணே” என்றார் ரோஸ்லின் சிஸ்டர். “சொன்னீங்க.”